தட்டுகிற சத்தம்

நவம்பர் 4, செவ்வாய்

நான்கு நாள் வைத்திருந்து இன்று காலை வண்டியைக் கொடுத்தார்கள். பிளக் மாற்றினார்களாம். ஏர் ஃபில்டர் மாற்றினார்களாம். எதையோ ஊற்றி எஞ்சினை உள்ளே கழுவினார்களாம். வண்ணார்பேட்டைப் பாலம் ஏறி இறங்குவதற்குள் அதே மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது. அப்படியே திருப்பிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஏதோ சென்சார் என்றான். என்ன சென்சார் என்று கேட்டேன். மறுபடியும் வாய்க்குள்ளேயே சொன்னான். இன்னொரு முறை கேட்டதும் ஒரு சீட்டில் எழுதி நீட்டினான்: நாக் சென்சார். இதைச் சொல்ல வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருக்கும் உதடு பிரித்துப் பேசத் தெரியவில்லை.

மேலாளர் வந்தார். அவராவது குரல் உள்ளவர். பெட்ரோல் நேரம் தப்பி வெடித்தால் எஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டுமாம். அந்தத் தட்டலைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்காக எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கருவி இருக்கிறதாம். அதுதான் கெட்டுவிட்டது. சென்னையில் இருந்து வர வேண்டும், ஒரு மாதம் ஆகலாம்.

"அப்படின்னா பிளக்க எதுக்கு மாத்துனீங்க?"

"ஒவ்வொண்ணாத்தான் சார் பாக்க முடியும்."

ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு என் வண்டிதான் கிடைத்ததா? எஞ்சின் பூப்போல ஓடுகிறது. ஒரு தட்டலும் இல்லை. மனைவி ரூபவதியைக் கேட்டேன், அவளும் இல்லை என்றுதான் சொன்னாள். இல்லாத சத்தத்தைக் கேட்கிற கருவி கெட்டுப்போனதற்கு நான் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. ஹைகிரவுண்ட் மேட்டில் சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போனான். ரயில்வே கேட் அருகே ஓர் ஆட்டோக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். "எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கேன், கேக்கலயா பெரியவரே?" என்றான். அடித்தால்தானே கேட்கும். போன ஜூனில்தான் போஸ்ட் மாஸ்டர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். அதற்குள் பெரியவராம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மேல்குரல் பாடுகிற சோப்ரானோ பெண்கள் வாயை மட்டும் அசைக்கிறார்கள், குரல் வெளியே வருவதே இல்லை. "பாடுங்கம்மா, காத்துதான் வருது" என்றேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஆர்கன் வாசிக்கும் சுகிர்தாவிடம் ஸ்பீக்கரைச் சரிபார்க்கச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. "பாத்துட்டோம்ணே, நல்லாத்தான் இருக்கு" என்கிறாள். நல்லா இருக்கிற ஸ்பீக்கரா இப்படிக் கம்பளிக்குள் இருந்து பேசும்?

இன்னொன்றையும் கவனித்தேன். நான் கையைத் தூக்கினால் ஒருவரும் என் கையைப் பார்ப்பதில்லை. எல்லாக் கண்ணும் சுகிர்தா பக்கம் போகிறது. இருபத்தாறு வருடமாக இந்தப் பாடகர் குழுவை நடத்துகிறேன். மூன்றாம் வரிசையில் யார் கால் சுரம் தப்பினாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அந்த மரியாதை எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒழுங்கு குறைந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

ரூபவதியின் தம்பி மகளுக்குக் கொடைக்கானலில் கல்யாணம், இருபத்தெட்டாம் தேதி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து நாட்களில் கல்யாணம் கூடாது, அவை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்று அந்தத் தேதி. நாங்கள் நால்வர் பாட வேண்டும் என்று மச்சினன் கேட்டிருக்கிறான். நான், ரூபவதி, சுகிர்தா, டயர் கடை கோயில்பிள்ளை. பஸ்ஸில் போகலாம் என்றாள் ரூபவதி. வீட்டில் கார் நிற்கும்போது பஸ்ஸிலா?

நவம்பர் 13, வியாழன்

மேலப்பாளையம் செய்யதுவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பழைய வண்டியை இருபது வருடம் பார்த்துக்கொண்டவன். முதலில் சென்சாரின் வயரை மீட்டர் வைத்துப் பார்த்தான், வயர் சரி. சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் இருந்த துருவைச் சுரண்டித் துடைத்து, அளவாக முறுக்கித் திரும்ப மாட்டினான். விளக்கு அணைந்தது. ஒரு சுற்றுப் போய் வந்தோம், மறுபடி எரிந்தது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சென்சாருக்குப் பக்கத்தில் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே ஸ்கேனரைப் பார்த்தான்.

"தட்டுனா இதுல கோடு எந்திரிக்கணும் அண்ணாச்சி. எந்திரிக்கல பாத்தேளா. செவிடாயிருச்சு."

நன்றாகச் சொன்னான் என்று சிரித்தேன். சென்சார் செவிடானதால் கம்ப்யூட்டர் பயந்துபோய் எஞ்சினை அடக்கி வைத்திருக்கிறதாம். வண்டி இழுக்காததற்கு அதுதான் காரணம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அந்தக் கண்ணாடி மாளிகையில் ஒருவனுக்கும் வாய் இல்லை.

புதுச் சென்சார் வரும்வரை காத்திருங்கள் என்றான் இவனும். கல்யாணத்தைச் சொன்னேன். வேறு வழி இல்லையா என்றேன். தலையைச் சொறிந்தான். சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த வயரில் ஒரு ரெசிஸ்டரை வைத்துவிட்டால் சென்சார் இருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும், விளக்கும் எரியாது, இழுவையும் வந்துவிடும்.

"ஆனா நான் போடச் சொல்ல மாட்டேன். அப்புறம் எஞ்சின் தட்டுனா கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீங்கதான் காது குடுத்துக் கேட்டுக்கிடணும். தட்டுச்சுன்னா உடனே கால எடுத்துரணும்."

என் காதைப் பற்றி எனக்குச் சொல்கிறான். போடு என்றேன்.

நவம்பர் 15, சனி

மழை. விளக்கு எரியவில்லை. ஹைகிரவுண்ட் மேட்டை மூன்றாவது கியரில் ஏறினேன். சர்வீஸ் சென்டர் வழியாகவே வேண்டுமென்று ஒருமுறை போய் வந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

சிலிண்டர்காரன் வந்து பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம். பச்சைப் பொய். நான் முன்னறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஏஜென்சிக்குப் போன் செய்து திட்டினேன். அங்கே இருந்த பெண்ணும் முணுமுணுக்கிற ஜாதிதான்.

நவம்பர் 23, ஞாயிறு

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், பாலம் ஏறும்போது ரூபவதி என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, டக்டக்னு ஒரு சத்தம் வருது."

ஓரமாக நிறுத்தினேன். மழையில் நனைந்துகொண்டே பானெட்டைத் திறந்து குனிந்து கேட்டேன். எப்போதும் போல் உருண்டோடும் சத்தம்தான். மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்றாள், ஓட்டினேன். இப்போ கேக்குதா என்றாள். இல்லை என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கீர்த்தனையை முழுதாகச் சுருதியோடு பாடி முடித்ததில்லை அவள். குடும்பத்துக்காகத்தான் நால்வரில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சத்தம் கற்றுக்கொடுக்க வருகிறாள்.

நவம்பர் 26, புதன்

மறுபடியும் பஸ்ஸில் போகலாம் என்கிறாள். செய்யதுவிடம் காட்டிவிட்டாவது போகலாம் என்கிறாள். முடியாது என்றேன். இரவு சாப்பாட்டுக்கு ரசம் மட்டும்தான்.

நவம்பர் 27, வியாழன்

கொடைக்கானல், மச்சினன் வீடு. எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

மதுரை வரை ஒரு குறையும் இல்லை. வத்தலக்குண்டில் காபி குடித்தோம். மலை ஏறத் தொடங்கியதும் பின்சீட்டில் பேச்சு நின்றுபோனது. கண்ணாடியில் பார்த்தேன். சுகிர்தா கோயில்பிள்ளையின் முழங்கையைத் தொட்டாள். அவன் முன்னால் குனிந்து ஏதோ சொன்னான். நான் தலையை ஆட்டினேன். ரூபவதி என் பக்கம் திரும்பி எதையோ சொன்னாள். சுற்றி வருகிறது என்பதுபோல் காதில் விழுந்தது.

"மலைப்பாதை சுத்தித்தான் வரும்" என்றேன்.

எதற்கு எல்லோரும் எழவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது. முன்னால் ஒரு லாரி. அதைத் தாண்டுவதற்காக நன்றாக மிதித்தேன். ரூபவதி என் தொடையில் அடித்தாள். அடித்தாள் என்றுதான் எழுத வேண்டும். அடுத்த வளைவில் இழுவை விட்டது, இன்னும் மிதித்தேன். பின்னால் நீலப் புகை. அப்புறம் எஞ்சின் நின்றது. வண்டி பின்பக்கமாக உருள ஆரம்பித்தது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பிடிக்கவில்லை. எஞ்சின் இல்லாததால் கால் பிரேக்கும் கல்லாக இறுகிக் கிடந்தது. ஏறி நின்று மிதித்தேன். கோயில்பிள்ளை கதவைத் திறந்து குதித்து, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ் எங்களுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இடது பக்கம் தடுப்புச் சுவர் இடுப்பளவுகூட இல்லை. அதற்குக் கீழே மரங்களின் தலை தெரிந்தது.

ரூபவதி இறங்கி என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"உங்களுக்குக் கேக்கவே இல்லயா? டப்பால கல்லப் போட்டுக் குலுக்குன மாதிரி அடிவாரத்துல இருந்து தட்டிக்கிட்டே வருது. சத்தம் வருது சத்தம் வருதுன்னு கத்துறேன், சுத்தித்தான் வரும்ங்கிறீங்க."

"அப்பவே ஒழுங்கா சொல்றதுக்கென்ன?" என்று கோயில்பிள்ளையிடம் கத்தினேன்.

அவன் கைகளில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "சொல்லிக்கிட்டேதான்ணே வந்தேன். நீங்க தலைய ஆட்டுனிய" என்றான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அதே பஸ்ஸில்தான் மேலே வந்தோம்.

நவம்பர் 28, வெள்ளி

கல்யாணம் நன்றாக நடந்தது. நாங்களும் பாடினோம். நான் கையைத் தூக்கினேன், அது இறங்குவதற்கு முன்பே இரண்டு பேர் தொடங்கிவிட்டார்கள். பக்கவாட்டில் பார்த்தேன். சுகிர்தா தலையை அசைத்து நாடியை இறக்கியதுதான் அடையாளம். அவளைப் பார்த்துத்தான் இவர்கள் தொடங்குகிறார்கள்.

எல்லோரும் பிரமாதம் என்றார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. போகவில்லை என்பதை விட, ரூபவதியைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன், போக முடியாமல் ஆகிவிட்டது.

எத்தனை நாளாக என்றேன். என்னது என்றாள். சுகிர்தாவின் நாடி என்றேன். கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசமிருக்கும். ஈஸ்டருக்கு நீங்க ஒரு பாட்ட நிப்பாட்டவே இல்லல்லா, அவங்க முடிச்ச பிறகும் கைய வீசிக்கிட்டே நின்னீங்க. அதுக்கப்புறம் சுகிர்தா எங்கிட்ட வந்து அழுதா. நாந்தான் சொன்னேன், நீ வாசிக்கும்போது தலைய ஆட்டு, அவங்க உன்னப் பாத்து எடுக்கட்டும், அவருக்குத் தெரிய வேண்டாம்னு."

"போதகருக்கு?"

"தெரியும்."

"எல்லாருக்கும்?"

தலையை ஆட்டினாள். சோப்ரானோ பிள்ளைகள் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாக, முன்னால் ஒரு மனிதனைக் கோட்டுப் போட்டு நிற்க வைத்து, கையை ஆட்டவிட்டு, அவன் பாட்டுக்கு ஆடட்டும் என்று பின்னால் தங்கள் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்று அந்தப் பெண்களைத் திட்டினேனே, ஒருத்தியாவது எதிர்த்துப் பேசியிருக்கலாமே. எழுந்து பாடமாட்டோம் என்று போயிருக்கலாமே.

"என்னக் கேனயன்னு நெனச்சீங்களா?" என்றேன்.

"சொன்னா நிப்பாட்டியிருப்பீங்களா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, காது டாக்டர்ட்ட போவோம்னு சொன்னேன். ஒரு வாரம் எங்கூடப் பேசல நீங்க. நெனப்பிருக்கா?"

நினைவிருக்கிறது. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த மலையில நாலு பேரும் செத்துருப்போம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள் போலிருக்கிறது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

வண்டியை லாரியில் ஏற்றி மேலப்பாளையம் கொண்டுவந்தாயிற்று. செய்யதுவோடு சண்டை பிடிப்பதற்கென்றே போனேன். எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தான். பிஸ்டனின் ஓரம் எலி கரம்பியதுபோல் உதிர்ந்து போயிருக்கிறது. அதைக் கையில் கொடுத்தான்.

"கேட்டதும் கால எடுங்கன்னு சொன்னேம்லா அண்ணாச்சி" என்றான். பிறகு அவனே, "நான் போட்டுருக்கக் கூடாது. கஸ்டமர் கேட்டா போட்டுருறதா?" என்றான்.

சண்டை பிடிக்க முடியாமல் போய்விட்டது. அதுவும் ஓர் எரிச்சல்.

டிசம்பர் 4, வியாழன்

ரூபவதி முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். காது பரிசோதனை செய்கிற இடம் ஹைகிரவுண்டில் ஒரு மாடியில் இருக்கிறது. சின்னக் கண்ணாடி அறை. ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்துங்கள் என்றாள் அங்கிருந்த பெண். உரக்க, முகத்தைப் பார்த்துப் பேசினாள். நல்ல பெண்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து மெஷினை அழுத்தும்போது தோள் லேசாக அசைந்தது. தோள் அசைந்ததும் நான் பட்டனை அழுத்தினேன். இதில் தப்பில்லை. கண்ணும் கடவுள் கொடுத்ததுதான். கொஞ்ச நேரம் நன்றாகப் போனது. அப்புறம் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என்னைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்துவிட்டாள்.

முதலில் தூரத்தில் கப்பல் ஊதுவதுபோல் ஒன்று வந்தது. அழுத்தினேன். இன்னும் சில வந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்த ஏற்பாடு ஏதோ செய்கிறாள் என்று காத்திருந்தேன். சுவரில் ஒரு காதின் படம், உள்ளே நத்தை மாதிரி ஒன்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மெஷின் கெட்டுவிட்டது, இங்கேயும் இதே கதைதானா என்று கோபம் வந்தது. திரும்பினேன்.

"ஆரம்பிக்கலாமேம்மா, எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது?" என்றேன்.

அவள் உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றினாள். என் முன்னால் குனிந்து, "முடிஞ்சிருச்சு சார்" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூபவதி நின்றுகொண்டிருந்தாள். சேலை முந்தானை வாயில் இருந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 6, சனி

காதில் மாட்டுகிற மெஷின் வர இரண்டு வாரம் ஆகும். அது வந்தாலும் கீச்சுக் குரல்கள் பழையபடி திரும்பாதாம். கீழ்க்குரல்கள் இப்போதும் கேட்கும்.

மாலை பயிற்சிக்குப் போனேன். நான் வருவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சுகிர்தா முன்னால் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் ஆர்கனில் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"எந்திரி" என்றேன். "எனக்குத் தெரியாம ரெண்டு வருசம் நடத்துனல்லா? இனி தெரிஞ்சே நடத்து."

"அண்ணே, அப்படியெல்லாம் இல்லண்ணே, உங்க கை இல்லாம..."

"பொய் சொல்லாத. இந்த இடத்துல நின்னு எங்கிட்ட இனி ஒருத்தரும் பொய் சொல்லக் கூடாது."

குரல் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன். முன்வரிசைப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். அவர்களிடம், வாயை மட்டும் அசைக்கிறீர்கள் என்று சொன்னது தப்பு என்றேன். அன்று திட்டிய சத்தத்தைவிட இதைச் சொன்ன சத்தம் பெரிதாக இருந்திருக்கும். எனக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தது. சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஆர்கனை அவளுடைய தங்கையிடம் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று கதவு வரை வந்தேன். போகப் பிடிக்கவில்லை. திரும்பி நடந்து, கடைசி வரிசையில் கீழ்க்குரலில் பேஸ் பாடுகிற ஆண்களோடு போய் நின்றேன். கோயில்பிள்ளை சற்று நகர்ந்து இடம் விட்டான்.

தொடங்கினார்கள். முன்னால் இருக்கிற பெண்களின் வாய் திறந்து மூடியது. பாடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டேன். ஆனால் கோயில்பிள்ளையின் குரல் தோளோடு தோளாக, பாறை உருளுகிற மாதிரி, முழுதாக எனக்குள் இறங்கியது. ஒரு சுரம் விடாமல் கேட்டது. கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, ஒவ்வொரு அடியின் முடிவிலும் அவன் அரைச் சுரம் கீழே போய்விடுகிறான். முன்னால் நின்றபோது இது எனக்குத் தெரியவே இல்லை. வேறு யாரும் அவனிடம் சொன்னதாகவும் தெரியவில்லை. என்ன குழு இது?

பாட்டு முடிந்ததும் அவனிடம் சொன்னேன்.

"நெசமாவாண்ணே?" என்றான்.

"நெசமாத்தான். ஒவ்வொரு அடிக்கும் எறங்கிப்போற."

முகம் சுண்டிப்போனது. எத்தனையோ வருடமாக இந்தக் குரலுக்காகவே கல்யாண வீடுகளுக்கு அவனைக் கூப்பிடுகிறார்கள். தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பி, உதடு தெரியும்படி நின்றுகொண்டு, "இன்னொருக்கப் பாடுதேன், கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

கேட்டேன்.